போதும்பொண்ணு: ஒரு பெயரின் இலக்கணம்

பிள்ளைக்குப் பெற்றோர் தரும் முதல் சொத்து பெயர் என்பார்கள். நிலமும் நகையும் பின்னால் வரலாம், வராமலும் போகலாம். பெயர் மட்டும் பிறந்த சில நாள்களில் வந்து, இறப்புச் சான்றிதழ் வரை உடன் நிற்கிறது. ஆனால், பிள்ளையை நோக்கிச் சொல்லப்படாத பெயர்களும் தமிழில் உண்டு. ‘போதும்பொண்ணு’ அவற்றுள் ஒன்று. ‘போதுமணி’, ‘வேண்டாம்’ ஆகியவை அதன் உடன்பிறப்புகள். அடுத்தடுத்துப் பெண்ணாகப் பிறந்த வீட்டில், மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வந்தவளுக்கு இடப்படும் பெயர்கள் இவை.

தருமபுரி மாவட்டத்துப் பள்ளிகளில் தமிழாசிரியராக இருந்தவன் நான். வருகைப் பதிவேட்டைத் திறந்தால் அந்த மண்ணின் வரலாற்றில் பாதி தெரியும். மாதேஸ்வரன்மலைச் சாமியை நினைத்து வைக்கப்பட்ட மாதையன், மாதப்பன், மாதம்மாள். முனியப்பன் பெயரால் முனியம்மாள். ஒகேனக்கல் வழியாக மாவட்டத்துக்குள் நுழையும் ஆற்றின் பெயரால் காவேரி. வீட்டுக்கு இளையவள் என்பதால் சின்னப்பாப்பா, சின்னப்பொண்ணு. இந்த வரிசையின் நடுவே எப்போதாவது ஒரு ‘போதும்பொண்ணு’ வரும். அழைத்ததும் ‘உள்ளேன் ஐயா’ என்று எழுந்து நிற்பாள். ‘போதும்’ என்று சொல்லி ஒருத்தியை எழுப்புவதும், ‘உள்ளேன்’ என்று அவள் அதற்கு விடை கூறுவதும் எவ்வளவு பெரிய உரையாடல் என்பது எனக்கு நெடுநாள் உறைத்துக்கொண்டே இருந்தது. தமிழ் இலக்கணத்தைப் பாடமாக நடத்துகிறவனுக்கு அந்தப் பெயர் ஓர் இலக்கணப் புதிரும்கூட. அப்புதிரை அவிழ்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பதற்கு இட்ட பெயர்கள்

கேட்பதற்குக் கடுமையான பெயர்கள் எல்லாம் வெறுப்பில் பிறந்தவை அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். குப்புசாமி, குப்பம்மாள், பிச்சை, பிச்சையம்மாள், மூக்கன், மூக்கம்மாள் போன்ற பெயர்களை எடுத்துக்கொள்வோம். பிறந்த குழந்தைகள் அடுத்தடுத்து இறந்துபோன வீட்டில், மறுபடி ஒரு குழந்தை பிறந்தால் அதைக் குப்பையில் போட்டு எடுப்பார்கள். ‘இது யாருக்கும் வேண்டாத குப்பை’ என்று கூற்றுவனை நம்பவைக்கும் தந்திரம் அது. பிச்சையாகக் கேட்டுப் பெற்ற பிள்ளை, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை என்றெல்லாம் சொல்லப்பட்டதும் இதே காரணத்தால்தான். மூக்குக் குத்தி, அதையே பெயராக்கி, உடலில் ஊனமிருப்பதுபோல் காட்டியதும் அதே அச்சத்தினால்தான். பேறுகாலமும் அம்மையும் கழிச்சலும் குழந்தைகளை வாரிக்கொண்டு போன காலத்தில், இழிவான பெயர் ஒரு கவசம். வாய் ‘குப்பை’ என்றது. நெஞ்சு ‘பிழைத்துக் கிட’ என்றது. இப்பெயர்கள் ஆண், பெண் என்ற வேறுபாடின்றி இருபாலர்க்கும் இடப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

‘போதும்பொண்ணு’ இந்த வகையைச் சேர்ந்ததுபோல் தோன்றும், ஆனால் சேராது. ‘குப்பம்மாள்’ என்ற பெயர் பேசுவது எமனிடம். அது காக்க நினைப்பது அந்தக் குழந்தையை. ‘போதும்’ என்ற பெயர் பேசுவது பிள்ளை வரம் கொடுக்கும் தெய்வத்திடம். அது எதிர்பார்ப்பது அடுத்த குழந்தையை. நடுவில் நிற்கும் சிறுமி ஓர் அஞ்சல் உறை மட்டுமே. அவள் மேல் எழுதப்பட்ட செய்தி அவளுக்கு உரியது அன்று. ‘போதுமப்பன்’ என்றோ ‘வேண்டாசாமி’ என்றோ நான்காவது மகனுக்குப் பெயர் வைத்த வீட்டை நான் கண்டதில்லை. ஒரு பாலுக்கு மட்டுமே இடப்படுகிற பெயர், அந்தப் பாலைப் பற்றிய தீர்ப்பாகிவிடுகிறது.

சற்று நாகரிகமான வடிவங்களும் இதில் உண்டு. ‘மங்களம்’ என்பது நல்ல சொல். ஆனால் கச்சேரியையும் கதையையும் முடிப்பதற்குப் பாடுவதும் மங்களம்தான். ‘சம்பூர்ணம்’ என்றால் நிறைவு. நிறைந்துவிட்டது, இனி வேண்டியதில்லை என்ற பொருளும் அதற்குள் அடங்கும். கடைசிப் பெண்ணுக்கு இப்பெயர்களைச் சூட்டிய வீடுகள் சிலவற்றில் வாழ்த்தும் விண்ணப்பமும் ஒருங்கே இருந்தன. படித்த வீட்டில் அது சமஸ்கிருதச் சொல்லாயிற்று. உழவர் வீட்டில் பச்சைத் தமிழாயிற்று. கருத்து ஒன்றே.

எல்லை கடந்த ஒரு பெயர்

இது தருமபுரிக்கோ தமிழகத்துக்கோ மட்டும் உரிய பழக்கம் அன்று. மராத்தியில் ‘நகுஷி’ என்றால் ‘வேண்டாதவள்’. மகாராஷ்டிரத்தின் சாதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் அப்பெயர் தாங்கிய 285 சிறுமியருக்கு மாவட்ட நிர்வாகமே விழா நடத்திப் புதிய பெயர் சூட்டியது. இராசத்தானில் ‘தாபு’ என்ற பெண் பெயருக்கு ‘போதும் போதும் என்றாகிவிட்டது’ என்பது பொருள். அரியானாவில் ‘பதேரி’ என்றால் ‘வேண்டிய மட்டும் வந்துவிட்டது’. சீனத்தில் ‘சாவ்தி’ என்ற பெண் பெயர் உண்டு. ‘தம்பியை அழைத்து வா’ என்பது அதன் நேர்ப்பொருள். மொழிகள் வேறு, குடும்ப அமைப்பு ஒன்று. நிலம் மகனுக்கு, கொள்ளி மகன் கையால், மகளோ சீரோடு வேறு வீட்டுக்குப் போகிறவள் என்ற ஏற்பாடு எங்கெல்லாம் வேரூன்றியதோ அங்கெல்லாம் இந்தப் பெயரும் முளைத்திருக்கிறது.

தமிழகத்திலும் இது ஒரு மாவட்டத்தோடு நின்றதில்லை. மதுரை, தேனிப் பக்கங்களில் ‘போதும்பொண்ணு’, ‘போதுமணி’ ஆகியவை நெடுநாள் வழங்கிய பெயர்கள். திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு அருகிலுள்ள நாராயணபுரத்தில், அடுத்தடுத்துப் பெண் பிறந்தால் ‘வேண்டாம்’ என்று பெயரிடும் வழக்கம் 2019-இல் நாடெங்கும் செய்தியானது. அப்பெயர் தாங்கிய பொறியியல் மாணவி ஒருவருக்கு ஜப்பானிய நிறுவனத்தில் வேலை கிடைத்ததும், பெண் குழந்தைகளைக் காக்கும் திட்டத்தின் தூதுவராக மாவட்ட நிர்வாகம் அவரையே அறிவித்தது. வீடு ‘வேண்டாம்’ என்றவரை அரசு ‘வேண்டும்’ என்று அழைத்த தருணம் அது. மகிழத்தக்கதே. ஆயினும் வெளிநாட்டு வேலை கிடைத்தால்தான் ஒரு பெண் ‘வேண்டியவள்’ ஆவாள் என்ற பாடத்தை நாம் அதிலிருந்து கற்றுவிடக் கூடாது.

‘செய்யும்’ என்னும் வாய்பாடு

இனி இலக்கணத்துக்கு வருவோம். தமிழில் ஆட்பெயர் பெரும்பாலும் பெயர்ச்சொல்லாகவே இருக்கும். தெய்வம், ஊர், ஆறு, மலர், பொன், குணம், உறவு ஆகியவற்றிலிருந்து பெயர் வரும். ‘அம்மாள்’, ‘ஆயி’, ‘அப்பன்’, ‘சாமி’ போன்றவை அதன் வாலாக ஒட்டும். வினைமுற்று ஒன்று அப்படியே ஆட்பெயராவது அரிது. ‘போதும்’, ‘வேண்டாம்’ என்பவை அத்தகைய அரிய பெயர்கள். ஒரு வாக்கியமே பெயராகி நிற்கிறது.

‘வேண்டாம்’ என்பதன் பகுதி ‘வேண்டு’. விரும்புதல், தேவையாதல், இரத்தல், தெய்வத்திடம் கேட்டல் ஆகிய எல்லாப் பொருளும் அதற்கு உண்டு. கோயிலில் செய்துகொள்வது ‘வேண்டுதல்’. அதன் மறுதலை ‘வேண்டாமை’. அந்த வேண்டாமையைத் துறவியின் உயர்ந்த நிலையாகப் போற்றுகிறது திருக்குறளின் அவாவறுத்தல் அதிகாரம். ஒரே வேரிலிருந்து பிறந்த சொல், துறவிக்குப் புகழாகவும் சிறுமிக்குப் புண்ணாகவும் ஆகியிருப்பது மொழியின் விந்தை. இன்னொன்றும் உண்டு: ‘வேண்டாம்’ என்ற பெயரே ஒரு வேண்டுதல்தான். அடுத்தது ஆணாகட்டும் என்ற விண்ணப்பத்தை எதிர்மறையில் எழுதினால் வருவது அது. அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் கொள்ள இலக்கணம் இடம் கொடுக்கவில்லை. எதிர்மறை எதிர்மறையாகவே நிற்கிறது.

‘போதும்பொண்ணு’ அப்படி அன்று. ‘பொண்ணு’ என்பது ‘பெண்’ என்பதன் பேச்சு வடிவம். ‘பெட்டி’ ‘பொட்டி’ ஆவதுபோல, இதழை ஒட்டி வரும் எகரம் ஒகரமாகத் திரிந்தது. ‘போதும்’ என்பது ‘போது’ என்ற வினையடியிலிருந்து பிறந்தது; ‘போதிய’, ‘போதாது’, ‘போதுமான’ ஆகியவை அதன் சுற்றத்தார். இது ‘செய்யும்’ என்னும் வாய்பாட்டில் அமைந்த சொல். அந்த வாய்பாட்டுக்குத் தமிழில் ஒரு சிறப்பு உண்டு. அது வினைமுற்றாகவும் வரும், பெயரெச்சமாகவும் வரும். ‘குதிரை ஓடும்’ என்றால் ஓடும் என்பது முற்று, வாக்கியம் முடிந்தது. ‘ஓடும் குதிரை’ என்றால் அதே சொல் எச்சம். குதிரை எத்தகையது என்று சொல்லும் அடைமொழி.

‘போதும்பொண்ணு’ என்பதை இருவகையாகவும் பிரிக்கலாம். போதும் என்பதை முற்றாகக் கொண்டால், ‘போதும், (இனி) பொண்ணு’ என்று ஆகிறது. வைத்தவர்கள் கருதிய பொருள் அதுவே; இறுதியில் வர வேண்டிய முற்று, சலிப்பின் வேகத்தில் முன்னால் வந்து நின்றுவிட்டது. எச்சமாகக் கொண்டாலோ, ‘போதுமான பெண்’ என்று ஆகிறது. குறையில்லாதவள், தன்னளவில் நிறைந்தவள், இவள் ஒருத்தியே போதும் என்று சொல்லத்தக்கவள். தமிழின் இயல்பான சொல்வரிசைப்படி பார்த்தால், பெயர்ச்சொல்லுக்கு முன் நிற்கும் ‘செய்யும்’ வடிவத்தை எச்சமாகக் கொள்வதே முறை. ‘பாடும் பறவை’, ‘பேசும் படம்’, ‘போதும் பொண்ணு’. பெற்றோர் ஒன்றை நினைத்து வைத்தார்கள். மொழி வேறொன்றை அதற்குள் பொதிந்து வைத்தது.

மேல்வகுப்பில் எச்சமும் முற்றும் நடத்தும்போது ‘செய்யும்’ வாய்பாட்டுக்கு இந்த எடுத்துக்காட்டைத் தரலாமா என்று பலமுறை எண்ணியதுண்டு. ஒரு மாணவியின் பெயரைக் கரும்பலகையில் எழுதி ஆராய்வது அவளை இன்னொரு முறை காட்சிப்பொருளாக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தனியே கேட்ட மாணவியரிடம் சொன்னதுண்டு. இலக்கணம் யாருடைய வறுமையையும் தீர்ப்பதில்லை. ஆயினும் தன் பெயருக்கு இரண்டு பொருள் உண்டு, அவற்றில் ஒன்றைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று அறிவது சிறிய செய்தி அன்று.

அவ்வையின் மண்

இந்த ஆராய்ச்சியைத் தருமபுரியில் இருந்து செய்வதில் ஒரு தனிக் கசப்பு உண்டு. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். அவன் அவையில் இருந்து, அவனோடு கள்ளும் சோறும் பகிர்ந்து, அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்று, அவன் இறந்தபோது கையறுநிலை பாடியவர் அவ்வையார். நெடுநாள் வாழவைக்கும் நெல்லிக்கனி கிடைத்தபோது, அதை அதியமான் தான் உண்ணாமல் அவருக்கு அளித்தான் என்பது ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. சங்கப் பாடல்களில் அவர் பெயரில் இருப்பவை 59; பெண்பாற் புலவர்களுள் அவரே மிகுதியாகப் பாடியவர்.

‘அவ்வை’ என்ற பெயரின் பொருள் என்ன? தாய், மூத்தவள், மதிப்புக்குரிய பெண். கன்னடத்தில் ‘அவ்வ’ என்றால் அம்மா. தெலுங்கில் ‘அவ்வ’ என்றால் பாட்டி. மூன்று மொழிகளும் கலந்து புழங்கும் எங்கள் எல்லைப் பகுதியில் இச்சொல் இன்றும் வீட்டுக்குள் உயிரோடு இருக்கிறது. பாட்டியை ‘அவ்வா’ என்று கூப்பிடும் பேரக் குழந்தைக்குத் தான் சங்ககாலச் சொல்லைப் பேசுகிறோம் என்பது தெரியாது. ஆக, ஒரு பெண்ணை ‘மூத்தவள், மதிக்கத்தக்கவள்’ என்று அழைத்த சொல்லும், ‘இனி வேண்டாம்’ என்று அழைத்த சொல்லும் ஒரே மண்ணில், சில வேளை ஒரே வீட்டில் வழங்கியிருக்கின்றன. ‘போதும்பொண்ணு’ என்று பெயர் வைத்ததும் பல வீடுகளில் ஓர் அவ்வாதான். அவரைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. மருமகள் ஆண் பெறாவிட்டால் குடும்பத்தில் என்ன நேரும் என்பதைத் தம் உடம்பால் அறிந்தவர் அவர்.

பெயர் பெறாதவர்கள்

தருமபுரி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவனவற்றுள் பெண் சிசுக்கொலையும் ஒன்று. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. 2004-இல் கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது. மானாவாரி நிலமும், வேலை தேடிப் பெங்களூருக்குப் போகும் குடும்பங்களும் நிறைந்த மாவட்டம். 1990-களில் சேலம், தருமபுரி, மதுரை, தேனி ஆகிய பெயர்கள் கள்ளிப்பாலோடு சேர்த்தே பேசப்பட்டன. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது. 1994-இல் வெளிவந்த பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’ இக்கொடுமையைத் திரையில் காட்டியது. அந்தப் படத்துக்கும் ஒரு பெண்ணின் பெயரே தலைப்பு. 1997 முதல் 1999 வரை தருமபுரியில் நடந்த சமூக விழிப்புணர்வு இயக்கம், ஊர் ஊராகக் கலைப்பயணக் குழுக்களை அனுப்பி நாடகத்தின் வழியாக இதைப் பேசவைத்தது. பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஆட்சிப்பணி அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் அந்த அனுபவத்தைக் கட்டுரையாகப் பதிவுசெய்திருக்கிறார்கள்.

இந்தப் பின்னணியில்தான் நம் பெயரைத் திரும்பப் பார்க்க வேண்டும். ‘போதும்பொண்ணு’ என்ற பெயர் கொடியது என்று எளிதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் பெயரைத் தாங்கியவள் பிழைத்தவள். அவளை வளர்ப்பது என்று முடிவெடுத்த பிறகே அவளுக்குப் பெயர் வைத்தார்கள். சலிப்போடு வைத்தார்கள், ஆனாலும் வைத்தார்கள். அதே காலத்தில், அதே ஊர்களில், பெயர் வைப்பதற்கு முன்பே முடிந்துபோனவர்களுக்கு எந்தப் பதிவேட்டிலும் வரி இல்லை. ‘போதும்’ என்ற சொல்லின் முழுப் பொருளைத் தாங்கியவர்கள் அவர்களே.

இன்று அப்பெயர் ஏறத்தாழ மறைந்துவிட்டது. பணியின் கடைசி ஆண்டுகளில் சேர்க்கைப் படிவங்களில் நான் அதைக் காணவில்லை. வடமொழிச் சாயலும் வடநாட்டு ஓசையும் கொண்ட, எண் கணிதம் பார்த்து எழுத்துக் கூட்டப்பட்ட பெயர்களே எங்கும். மூன்றாவது மகளுக்கும் அதே வகைப் பெயர்தான். பெயரை வைத்து அவள் எத்தனையாவது பிள்ளை என்று இப்போது சொல்ல முடியாது. இதை முன்னேற்றம் என்று கொண்டாடலாமா?

அவசரப்பட வேண்டாம். பெயர் மறைவதும் எண்ணம் மறைவதும் ஒன்றல்ல. இயற்கை தன் போக்கில் விடப்பட்டால், 1,000 ஆண் குழந்தைகளுக்கு ஏறத்தாழ 950 பெண் குழந்தைகள் பிறக்கும் என்பது உலகெங்கும் கண்ட கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆறு வயது வரையிலான குழந்தைகளிடையே 1,000 ஆண்களுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண்கள் இருந்தார்கள். தருமபுரியில் 913 பேர். மாநிலத்தோடு ஒப்பிட்டால் 1,000-க்கு 30 பேர் குறைவு. அந்த முப்பது பேருக்கும் என்ன பெயர் வைத்திருப்பார்கள்?

முன்பு பிறந்த பிறகு சொல்லப்பட்ட ‘போதும்’, இப்போது பிறப்பதற்கு முன்பே சொல்லப்படுகிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடைசெய்யும் சட்டம் 1994-லேயே இயற்றப்பட்டது. ஆயினும், ஸ்கேன் கருவியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகச் சென்று பாலினம் சொன்ன கும்பல்கள் தருமபுரிப் பகுதியில் பிடிபட்டதாக அண்மை ஆண்டுகளிலும் செய்திகள் வந்தபடியே இருக்கின்றன. ‘போதும்பொண்ணு’ என்ற பெயர் இல்லாமற்போனதற்கு ஒரு காரணம் குடும்பங்கள் மாறியது. மறு காரணம், அந்தப் பெயரைத் தாங்க வேண்டியவளே பிறக்காமற்போனது. இவற்றில் எது எவ்வளவு என்பதைப் பெயர்ப் பட்டியல் சொல்லாது. பிறப்புப் பதிவேட்டின் ஆண், பெண் எண்ணிக்கைதான் சொல்லும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது அந்த எண்ணிக்கையையே.

பெயரை மாற்றினால் போதுமா?

அப்படியானால், இன்று வாழ்ந்துகொண்டிருக்கும் போதும்பொண்ணுகளுக்கும் வேண்டாம்களுக்கும் நாம் செய்யத்தக்கது என்ன? சாதாராவைப்போல விழா எடுத்துப் பெயர் மாற்றலாம் என்பது ஒரு கருத்து. பெயர் மாற்றம் தமிழர்க்குப் புதிதன்று. சூரியநாராயண சாஸ்திரி பரிதிமாற் கலைஞரானார், வேதாசலம் மறைமலையடிகளானார், மாநிலமே 1969-இல் தமிழ்நாடு என்று பெயர் மாறியது. ஆனால் இவை எல்லாம் தாமே விரும்பி மாற்றிக்கொண்ட பெயர்கள். கேட்காமல் ஒரு பெயரை வைத்ததுதான் முதல் பிழை என்றால், கேட்காமல் இன்னொரு பெயரை மேடையில் சூட்டுவது அதன் தொடர்ச்சியாகிவிடும். நடுத்தர வயதில், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உள்ள ஒரு போதும்பொண்ணுக்கு அந்தப் பெயர் இன்று வெறும் ஓசை. அதன் பின்னால் அவள் வாழ்ந்த வாழ்க்கை இருக்கிறது. அதை யாரும் பறிக்க வேண்டியதில்லை.

மாற்ற விரும்புகிறவளுக்கு வழி எளிதாக வேண்டும் என்பதே என் கோரிக்கை. தமிழ்நாட்டில் பெயர் மாற்றம் எழுதுபொருள், அச்சுத் துறையின் வழியாக அரசிதழில் வெளியாகிறது. படிவமும் சான்றுகளும் கட்டணமும், அவற்றோடு ஒருநாள் கூலியை இழந்து அலைவதும் வேண்டும். அரசிதழில் வந்த பிறகு பள்ளிச் சான்றிதழ், ஆதார், குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். பெயரால் அவமானப்பட்டதாகச் சொல்லி விண்ணப்பிக்கும் பெண்களுக்கு, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, இவை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் முடித்துக்கொடுக்க ஏற்பாடு செய்வது அரசுக்குப் பெரிய செலவு அன்று.

அதைவிட முக்கியமானது, பெயர் வைக்கும் தருணம். பிறப்புப் பதிவில் குழந்தையின் பெயரை உடனே சேர்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 12 மாதங்கள் வரை கட்டணமின்றிச் சேர்க்கலாம், அதன் பிறகு தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம். அந்த ஓராண்டுக்குள் தடுப்பூசிக்காகவும் எடை பார்க்கவும் தாயும் குழந்தையும் கிராம சுகாதாரச் செவிலியரையும் அங்கன்வாடிப் பணியாளரையும் பலமுறை சந்திக்கிறார்கள். ‘பாப்பாவுக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள், ஏன் அந்தப் பெயர்?’ என்ற ஒரு கேள்விக்கு அங்கே இடமுண்டு. மூன்றாவது மகளைப் பெற்ற தாயிடம் அந்தக் கேள்வி, பெயரைத் தாண்டிப் பலவற்றைத் திறக்கும். வீட்டில் அவளுக்கு என்ன நடக்கிறது, அடுத்த கருவுக்கு யார் வற்புறுத்துகிறார்கள் என்பதெல்லாம் வெளிவரும். ஸ்கேன் கும்பலின் தொலைபேசி எண் அவளைச் சென்றடையும் முன்பு செவிலியரின் கேள்வி சென்றடைய வேண்டும்.

அதற்கும் அடியில் இருப்பது சொத்தும் சீரும். மூதாதையர் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்ற சட்டத்தைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. ஆனால் எங்கள் ஊர்களில் அண்ணன் தம்பிக்கு ‘விட்டுக்கொடுத்து’ கையெழுத்திடாத மகள் இன்றும் பேராசைக்காரியாகவே பார்க்கப்படுகிறாள். மகளுக்குச் செலவு மட்டும் உண்டு, பங்கு இல்லை என்ற கணக்கு நீடிக்கும் வரை, ‘போதும்’ என்ற எண்ணத்துக்கும் நீர் பாய்ந்துகொண்டே இருக்கும். பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது மாறப்போவதில்லை.

மொழி தன் கடமையைச் செய்துவைத்திருக்கிறது. சலித்துப்போன ஒரு வீடு எறிந்த சொல்லுக்குள்ளும், ‘நீ போதுமானவள்’ என்று பொருள்கொள்ள ஓர் இடம் விட்டுவைத்திருக்கிறது. முற்றாகச் சொல்லப்பட்டதை எச்சமாக மாற்றிப் படிக்க ஒரு மாணவியால் முடிகிறது. அவளைப் பெற்ற வீட்டாலும் அவள் வாழும் மாவட்டத்தாலும் அது முடிந்ததா என்பதை அடுத்த கணக்கெடுப்பில் தருமபுரிக்கு நேரே எழுதப்படும் எண் சொல்லிவிடும்.